அர்ச்சுனனுக்கு மூர்ச்சை, ஆயாவுக்குக் கண்ணிருட்டு

நான் பார்த்த முதல் மூர்ச்சை அர்ச்சுனனுடையது.

எழுபதுகளின் நடுவில், தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் 'அபிமன்யு வதை' கூத்து. விடிவதற்கு இன்னும் ஒரு சாமம் இருந்தது. மகன் செத்த சேதி காதில் விழுந்ததும் அர்ச்சுனன் இரண்டு சுற்று சுற்றினான். கிரீடமும் புஜக்கட்டையும் அடிபடாமல் இருக்க, சேறு இல்லாத இடமாகப் பார்த்து, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு நாலடி தள்ளி, மெதுவாகச் சாய்ந்தான். கட்டியக்காரன் ஓடிவந்து தன் துண்டை மடித்து அவன் தலைக்கடியில் வைத்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மகாராசா மூர்ச்சையாயிட்டாரு, யாரும் சத்தம் போடாதீங்க. பீடி இருந்தா மட்டும் குடுங்க" என்றான். மகாராசா மூர்ச்சையிலேயே இடது காலால் வலது காலிலிருந்த கொசுவைத் தேய்த்துக் கொன்றார்.

நான் பயந்துபோய் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "எழுந்து வருவான் பாரு. மூர்ச்சைன்னா அப்படித்தான். ராசாவுங்களுக்கு வர்றது."

"உனக்கு வருமா ஆயா?"

"எனக்கு இன்னாத்துக்கு வருது? எனக்குக் கண்ணுதான் இருட்டும்."

அன்று இரவு எனக்கு இது ஏதோ இரண்டு நோய்களின் பெயர் என்றுதான் பட்டது. இரண்டும் ஒன்றே என்று தெரிய எனக்குச் சில வருஷம் பிடித்தது. இரண்டும் ஒன்றல்ல என்று புரிய இன்னும் நாற்பது வருஷம் ஆனது.

எங்கள் ஊரின் பெயரிலேயே இரண்டு மொழி. தோணி நம்முடையது. ரேவு என்பது படகுத்துறைக்குத் தெலுங்குக்காரர்கள் சொல்வது. பழவேற்காடு ஏரியும் அப்படித்தான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே இடத்தில் ஐப்பசியில் வாய் கொப்பளிக்கலாம், வைகாசியில் வாயில் வைக்க முடியாது.

அந்த வைகாசித் தண்ணீரில்தான் ஆயா இறால் தடவுவாள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இருளர் பெண்களோடு சேர்ந்து இடுப்பளவு நீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். இறால் உள்ளங்கையில் ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலிலேயே அமுக்க வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். பேசினால் பறி போய்விடும், கொட்டாவி விட்டால் அரைநாள் கூலி போய்விடும். இந்த நிலைமையில் மூர்ச்சையாவதற்குத் தோது ஏது? அர்ச்சுனனுக்குத் தாங்கிப் பிடிக்கக் கட்டியக்காரன் இருந்தான். ஆயாவுக்கு இருந்தது பறிதான், அதையும் அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரில் நிற்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதுதான் விசித்திரம். கரை ஏறி நிமிர்ந்து நின்றதும்தான் ஆளைத் தள்ளும். ஆகவே ஆயாவிடம் ஒரு சட்டம் இருந்தது: "கரை ஏறினா நிக்காதே, குந்து." ஏறியதும் ஈர மணலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். தலையை முழங்காலுக்கு நடுவில் கவிழ்த்து, பறியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் அப்படியே இருப்பாள். பிறகுதான் எழுவாள். நான் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

மூர்ச்சைக்கு ராசாக்கள் மட்டும் உரியவர்கள் அல்லர், ராஜகுமாரிகளும் உண்டு என்பதைக் கல்கிதான் எனக்குச் சொன்னார். 1950-இல் அவருடைய பத்திரிகையில் தொடராக ஆரம்பித்த 'பொன்னியின் செல்வன்', இருபத்தைந்து வருஷம் கழித்துப் பழைய பைண்டு புத்தகமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் கொடும்பாளூர் இளவரசி வானதி. அருள்மொழிவர்மன் இலங்கைப் போருக்குக் கிளம்பும்போது தீபத் தட்டோடு நிற்கிறாள், தட்டு கீழே விழுகிறது, அவளும் விழுகிறாள். அதோடு விடவில்லை. கதை முழுக்க அவளுக்கு மூர்ச்சை ஒரு வேலையாகவே இருந்தது. எனக்கு வயது பதின்மூன்று. மூர்ச்சையாகும் பெண்ணைத்தான் கட்டுவது என்று முடிவே செய்திருந்தேன்.

ராத்திரியில் ஆயாவுக்குப் படித்துக் காட்டுவேன். வானதி இன்னொரு முறை விழுந்தபோது ஆயா வலை கொக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு அரண்மனையில யாரும் சோறு போடறதில்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. இது காதலால் வருவது என்று விளக்கினேன். ஆயா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சோறு துன்னாத்தான்டா காதலும் நிக்கும்" என்றாள்.

பள்ளியில் தமிழய்யா மெய்ம்மயக்கம் நடத்தினார். உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம். 'பக்கம்' என்றால் ககரத்தோடு ககரம், 'தங்கம்' என்றால் ஙகரத்தோடு ககரம். நான் எழுந்து, "ஐயா, எழுத்துகூட மயக்கம் போட்டு விழுமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சன்னல் வழியே ஏரி முகத்துவாரப் பக்கம் கையை நீட்டினார். "அங்க உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் எங்க பிரியுதுன்னு சொல்லு பார்ப்போம். சொல்ல முடியாதில்ல? அதான்டா மயக்கம். மயங்குதல்னா கலத்தல். புத்தி தெளிவா இல்லாம கலங்கிப் போனா அதுவும் மயக்கம்."

காதலில் படும் பாட்டைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தும்போதும் மறத்தலுக்கு அடுத்து மயக்கம், மயக்கத்துக்கு அடுத்து சாக்காடு என்றுதான் முடிகிறது என்றார். வானதி எவ்வளவு ஓரமாக நின்றிருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூர்ச்சையின் கதை வேறு. அது வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேருக்கு உறைதல், கெட்டிப்படுதல் என்ற பொருள் உண்டு. பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்து, அதன் ஓட்டமும் பளபளப்பும் அடங்கிக் கறுப்புத் தூளாக்குவதையும் ரசவாத நூல்கள் மூர்ச்சிக்கச் செய்வது என்றே சொல்கின்றன. ஓடிக்கொண்டிருந்தது உறைந்துபோவது. அதே வேரிலிருந்து கிளைத்த மூர்ச்சனை சங்கீதத்துக்குப் போய், ஆரோகணம் அவரோகணம் என்று ஏறி இறங்கிச் சௌக்கியமாக இருக்கிறது. ஆக, தமிழன் மயங்கினால் கலங்குகிறான், மூர்ச்சித்தால் உறைகிறான். ஆயாவோ கலங்கவும் இல்லை, உறையவும் இல்லை. அவளுக்கு விளக்கு மட்டும் அணைந்தது.

இந்தப் பாடமெல்லாம் தலைக்கேறியிருந்த காலத்தில்தான் சித்தியின் விவகாரம் வந்தது.

சித்தி எங்கள் ஊருக்கு வடக்கே, தடாப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை, தமிழ் இன்னும் நாக்கில் உட்காரவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் கருவாட்டுத் திண்ணையில் சரிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "கள்ளு திரிகாயி."

தெருவே வாயடைத்து நின்றது. புதுப் பெண், பட்டப்பகலில், கள்ளு! திரிந்துபோன கள்ளு என்று சிலர் அர்த்தம் செய்தார்கள். புளித்த கள்ளைக் குடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஒரு பெரியம்மா பரிதாபப்பட்டாள். பனைமரங்கள் நிறைந்த ஊரில் அது நம்ப முடியாததும் இல்லை. மாலையில் சித்தப்பா வந்து விளக்கும்வரை சித்தி குடிகாரியாகவே இருந்தாள். தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். கள்ளு திரிகாயி என்றால் கண்கள் சுழன்றன. நமக்குத் தலை சுற்றுகிற நேரத்தில் அவர்களுக்குக் கண் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

இதோடு போயிருக்கலாம். மறுவாரம் சித்தியின் அண்ணன் தோணியில் வந்தார். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வானதியை மனதில் வைத்துக்கொண்டு, என்னிடமிருந்த வார்த்தைகளிலேயே உயர்ந்ததை எடுத்து, "சித்தி கள்ளெல்லாம் குடிக்கலை மாமா, அவங்களுக்கு மூர்ச்சை" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. தெலுங்கில் மூர்ச்ச என்றால், அதிலும் வியாதி என்று சேர்த்துவிட்டால், வலிப்பு நோய். ஏரியின் தென்கரையில் இளவரசிகளுக்கு வரும் அதே சொல், வடகரையில் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடக்கூடிய சொல். "எங்க பொண்ணுக்கு மூர்ச்சைன்னு எவன் சொன்னான்?" என்று அவர் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. கடைசியில் ஆயாதான் நடுவில் வந்து நின்றாள். "மூர்ச்சையும் இல்ல, மூட்டையும் இல்ல. வெயில்ல கருவாடு திருப்பினா கண்ணு இருட்டாம இன்னா செய்யும்? குந்து, மோர் குடி" என்று அவர் கையில் சொம்பைத் திணித்தாள். கண் இருட்டுவது என்பது இரண்டு கரைக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை மனிதர்கள்மேல் பிரயோகிப்பதை நிறுத்திக்கொண்டேன். ஆயா மட்டும் ஒரே ஒரு முறை பயன்படுத்தினாள். 1979 ஆகஸ்ட் 10. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் எஸ்.எல்.வி-3 கிளம்பியது. சில நிமிஷங்களில் வங்கக் கடலில் விழுந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. "ராக்கெட்டுக்கு மூர்ச்சையா?" என்றாள் ஆயா. அது விழுந்துவிட்டது ஆயா என்றேன். "ராசாங்கத்து ராக்கெட்டு, அதான் மூர்ச்சை. எழுந்து வரும் பாரு. நம்ம தோணியா இருந்தா கவுந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். 1980 ஜூலை 18 அன்று அது உண்மையாகவே எழுந்து, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. ஆயாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. அர்ச்சுனனும் எழுந்தான் அல்லவா?

எண்பதுகளில் சினிமா வந்து மூர்ச்சையைப் பொதுவுடைமையாக்கியது. கதாநாயகி தலையில் கை வைப்பாள், தூணைப் பிடிப்பாள், சாய்வாள். டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாழ்த்துச் சொல்வார். மணிக்கட்டைத் தொட்டாலே கர்ப்பம் தெரிந்துவிடும் சினிமா வைத்தியம் அது. எங்கள் ஊர் அதை அப்படியே நம்பியது. ஐம்பது தாண்டிய பெரியம்மா ரேஷன் வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு சாய்ந்தபோது, பின்னால் நின்றவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசம்?" அதே வரிசையில் அதே வெயிலில் ஓர் ஆண் விழுந்தால் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்ப்பார்கள். பெண் விழுந்தால் பிள்ளை, ஆண் விழுந்தால் பட்டை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்ற மூன்றாவது காரணத்துக்கு அந்த வரிசையில் இடம் இருக்கவில்லை.

வைத்தியம் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான், கோலி சோடா. கட்டைவிரலால் கோலியை அமுக்கிப் புஸ்ஸென்று திறந்து, பாதியை முகத்தில் அடிப்பார்கள். மீதியை அடித்தவர் குடித்துவிடுவார். பிறகு விழுந்தவரை நாலு பேர் பிடித்து நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். அதுதான் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு என்று யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் விழுவதே பாதி மருந்து. இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கிறது. வெயிலாலோ பயத்தாலோ நெடுநேரம் நிற்பதாலோ ரத்தம் காலில் தங்கிவிட்டால் மூளைக்குப் போவது குறைகிறது, நினைவு தப்புகிறது. உடம்பு தரையில் கிடந்தால் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், ரத்தத்துக்கு ஏற்றம் இல்லை, அநேகமாக ஒரு நிமிஷத்துக்குள் ஆள் விழித்துக்கொள்கிறார். காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் இன்னும் நல்லது. நிமிர்த்தி உட்காரவைத்தால் மறுபடி ஏற்றம்தான்.

ஆயாவின் சட்டத்துக்கும் இதுதான் காரணம். இடுப்பளவு நீரில் நிற்கும்போது தண்ணீரே காலைச் சுற்றிக் கட்டுப் போட்டதுபோல் அழுத்தி, ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. கரை ஏறியதும் கட்டு அவிழ்கிறது, ரத்தம் காலுக்கு இறங்குகிறது. நெடுநேரம் கடலில் கிடந்தவரை மீட்கும்போது முடிந்தவரை படுக்கைவாட்டிலேயே தூக்க வேண்டும் என்று மீட்புப் படைகளுக்குச் சொல்லித்தருவதற்கும் இது ஒரு காரணம். அவர்கள் பாடமாகப் படிப்பதை ஆயா ஒரே சொல்லில் வைத்திருந்தாள்: குந்து.

இப்போது காலம் மாறிவிட்டது. யாராவது விழுந்தால் மாசமும் கேட்பதில்லை, முகர்ந்து பார்ப்பதும் அநேகமாக இல்லை. ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே கேள்வி: "சுகரா, பிரஷரா?" சாதி, மதம், பால் எல்லாவற்றையும் கடந்த சமத்துவம் கடைசியில் சர்க்கரையால்தான் வந்தது. விரலில் ஊசி குத்தி எண் பார்க்கிறார்கள். "லோ ஆயிடுச்சு" என்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவர் ஒரு வாரம் ஊருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மயக்கம் என்ற சொல் நன்றாகப் பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மயக்க ஊசியாக, மயக்கவியல் நிபுணராகச் சம்பாதிக்கிறது. 2011-இல் 'மயக்கம் என்ன' என்று சினிமாப் படமாகவும் ஆனது. முகத்துவாரம் மணல் மூடிக் கோடையில் ஏரித் தண்ணீர் கொதிக்கும்போது மேலே வந்து வாயைத் திறக்கும் மீனுக்கும் எங்கள் ஊரில் மயக்கம்தான். மூர்ச்சை மட்டும் ஆதரவில்லாமல் போய், இந்தியிலிருந்து தமிழ் பேசவந்த புராண சீரியல்களில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இலட்சுமணன் இன்னும் வாரக்கணக்கில் மூர்ச்சையாகக் கிடக்கிறான், சஞ்சீவி மலை விளம்பர இடைவேளை முடிந்து வரும்வரை.

அப்படி ஒரு காட்சியைப் பார்த்துத்தான் என் பேரன் கேட்டான்: "தாத்தா, மூர்ச்சைன்னா மெர்சலா?"

அவனுக்கு அதை விளக்குவதற்கென்றே போன சித்திரையில் ஊருக்கு அழைத்துப் போனேன். கூத்து, வானதி, கள்ளு எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவன் கேட்டதெல்லாம் இறாலைக் கையால் எப்படிப் பிடிப்பது என்பதுதான். சரி, காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். அரைமணி நேரத்துக்குமேல் தடவினேன். ஒரு இறால்கூடத் துள்ளவில்லை. கிடைத்தது சேறும், ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியும். கௌரவமாகக் கரை ஏறி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று, "உன் எள்ளுப்பாட்டி இருக்காளே, அவ ஒரு சட்டம் வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

சட்டம் என்ன என்பதைச் சொல்லி முடிக்கவில்லை.

கண் திறந்தபோது மேலே பத்துப் பதினைந்து முகங்கள், நடுவில் ஒரு செல்போன். "சுகரா?" என்றது ஒரு குரல். நாலு கைகள் என்னைத் தூக்கி உட்காரவைத்தன. மறுபடி விளக்கு அணைந்தது. இரண்டாம் முறை விழித்தபோது நான் படுத்திருந்தேன், என் கால்கள் யாரோ ஒருவர் மடியில் உயரமாக இருந்தன. சித்தியின் மடி. எண்பதை எட்டும் சித்தி, "உக்கார வெக்காதீங்கடா, அத்தை இருந்தா தோலை உரிச்சிருப்பாங்க" என்று சுற்றியிருந்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷத் தமிழ். ஆனால் என் பக்கம் குனிந்தபோது, பதற்றத்தில் பழைய பேச்சே வந்துவிட்டது.

"கள்ளு திரிகாயா?"

பின்னால் நின்ற ஒரு பையன் அடுத்தவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பெருசு கள்ளு குடிச்சிருக்காராம்."

பேரன் போனில் அவன் அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தான்: "தாத்தா மெர்சலாயிட்டாரும்மா."

இதுதான் சமயம். அறுபது வருஷமாக எனக்கு வராமல் இருந்தது வந்துவிட்டது. தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது, சுற்றிக் கூட்டம் இருக்கிறது. அந்தச் சொல்லை இப்போது நான் முறையாகச் சொல்லிக்கொள்ளலாம். உதட்டில் ஒட்டியிருந்த மணலைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தேன்.

"கண்ணு இருட்டிடுச்சு சித்தி" என்றேன்.

"அதானே" என்றாள் அவள், மோருக்கு ஆள் அனுப்பிவிட்டு.